பலகை மாறியது, வினாத்தாள் மாறவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களில் எந்தச் சாலையில் சென்றாலும் கல்லூரிகளின் விளம்பரத் தட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஸ்மார்ட் வகுப்பறை, தொடுதிரைப் பலகை, செயற்கை நுண்ணறிவு ஆய்வகம், முழுவதும் இணையவழிப்பட்ட கற்றல் மேலாண்மை என்று அவற்றில் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்துத்தான் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். ஈரோடு மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் கற்பித்துவரும் நான், இந்தக் கருவிகளால் கற்பித்தல் தானாக மாறிவிடும் என்ற நம்பிக்கை நம் வட்டாரத்தில் ஆழமாக வேரூன்றி வருவதைக் கண்டு கவலையோடு இக்கடிதத்தை எழுதுகிறேன். தேர்வில் கேட்கும் கேள்வி மாறாதவரை, வகுப்பறைச் சுவரில் எதை மாட்டினாலும் மாணவர் படிக்கும் முறை மாறப்போவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

தொழில்நுட்பத்தால் உயர்கல்விக்கு வந்து சேர்ந்திருக்கும் நன்மை சிறிதன்று. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்னும் இணையவழிக் கல்வித் திட்டத்தின் பயனாக, நாட்டின் தலைசிறந்த பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை அந்தியூரிலோ தாளவாடியிலோ இருக்கும் ஒரு மாணவி கட்டணமின்றிக் கேட்க முடிகிறது. 2017-இல் ஒன்றிய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் வந்தது. ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை அதன் வழியாகவே படித்து கிரெடிட் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதியைத் தளர்த்தியது. மென்பொருள்களைக் கற்றுத்தரும் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் காணொலிகள் தமிழிலும் கிடைக்கின்றன. எட்டிமடையில் உள்ள அமிர்தா பல்கலைக்கழகமும் பங்கேற்று உருவாக்கிய வர்ச்சுவல் லேப்ஸ் தளத்தில் ஆய்வகச் சோதனைகளைக் கணினியிலேயே செய்து பார்க்கலாம். ஆகவே நல்ல பாடம் கிடைக்கவில்லை என்ற குறையை இனி எந்தக் கல்லூரியும் சொல்ல முடியாது.

ஆனால் இவற்றை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பாருங்கள். என்பிடெல் சான்றிதழுக்கு வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 விழுக்காடும், நேரில் எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் மதிப்பெண் உண்டு. ஒப்படைப்புக்கான கெடு முடியுமுன்னரே அதன் விடைகள் டெலிகிராம் குழுக்களிலும் யூடியூபிலும் வந்துவிடுகின்றன. மாணவர்கள் அவற்றைப் பார்த்துக் குறித்துவிட்டு, காணொலியைத் திறக்காமலேயே அடுத்த வாரத்துக்குப் போய்விடுகிறார்கள். கல்லூரி நிர்வாகமோ தரமதிப்பீட்டுக் குழுவிடம் காட்டுவதற்கு எத்தனை பேர் பதிவு செய்தார்கள், எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்ற எண்ணிக்கையைக் கேட்கிறதே தவிர, அந்தப் பாடம் வகுப்பில் நடக்கும் பாடத்தோடு எங்கே சேர்கிறது என்று கேட்பதில்லை. வகுப்பில் ஆசிரியர் அதே பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து பவர்பாயிண்டில் நடத்திக்கொண்டிருக்கிறார். முன்பு கரும்பலகையில் எழுதும்போது மாணவர் கூடவே எழுதிக்கொள்ளவாவது அவகாசம் இருந்தது; இப்போது சிலைடு நகர்ந்துவிடுகிறது, பிடிஎஃப் வாட்சாப் குழுவுக்கு வந்துவிடுகிறது, தேர்வுக்கு முந்தைய இரவு அது திறக்கப்படுகிறது.

பாடத்தைச் சொல்லும் வேலையைக் காணொலி ஏற்றுக்கொண்டுவிட்டது என்றால், ஐம்பது நிமிட வகுப்பை வேறு எதற்குப் பயன்படுத்துவது? ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறை இதற்கு ஒரு தெளிவான விடை தருகிறது. ஒரு கருத்துக் கேள்வியைக் கேட்டு, ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தேர்ந்தெடுக்கச் செய்து, பின்னர் பக்கத்தில் இருப்பவரிடம் வாதிட வைத்து, மறுபடியும் வாக்களிக்கச் சொல்வதே அந்த முறை. பொத்தானை அழுத்தி விடையைத் தெரிவிக்கும் கிளிக்கர் கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் நான்கு நிற அட்டைகள் போதும்.

என் வகுப்பில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கிணற்றுமேட்டில், மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்த ஒரு மோனோபிளாக் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. நீர் வெளியேறும் குழாயில் உள்ள அதன் டெலிவரி வால்வை மெல்ல மூடிக்கொண்டே வந்தால் மோட்டார் இழுக்கும் ஆம்ப்ஸ், அதாவது மின்னோட்டம், கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரை 1937-இல் உருவாக்கிய கோவைக்கு அருகில் இருக்கும் வகுப்பறையில், பம்ப் தொழிற்சாலைகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளிடம், இது கடினமான கேள்வியாக இருக்கக்கூடாது. எனினும் வகுப்பில் பெரும்பான்மையோர் கூடும் என்றே அட்டையைத் தூக்குகிறார்கள். வழியை அடைத்தால் மோட்டார் திணறும் என்பது அவர்கள் எண்ணம். தோட்டத்துச் சாளையில் வளர்ந்த மாணவர் யாராவது ஒருவர் எழுந்து, உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு பழுதாகிப் பம்ப் தண்ணீர் எடுக்காமல் வெறுமனே ஓடும்போது ஸ்டார்ட்டர் பெட்டியில் முள் கீழே இறங்கிவிடும், அதைப் பார்த்துத்தான் அப்பா மோட்டாரை நிறுத்துவார் என்று சொல்லும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கிறது. அதற்குப் பிறகு நடக்கும் வாதம்தான் பாடம். சுழலும் சக்கரத்தால் நீரைத் தள்ளும் இத்தகைய மையவிலக்கு பம்பில் மோட்டார் செய்யும் வேலையின் பெரும்பகுதி அதன் வழியே செல்லும் நீரின் அளவைப் பொறுத்தது. வால்வை மூடினால் அழுத்தம் ஓரளவு உயர்ந்தாலும் நீரின் அளவு அதைவிடப் பெரிதாகக் குறைவதால் மின்சாரமும் குறைகிறது. ஆகையால்தான் இத்தகைய பெரிய பம்புகளை டெலிவரி வால்வை மூடிவைத்தே கிளப்புகிறார்கள் என்பதை மாணவர்கள் தங்களுக்குள் பேசியே வந்தடைகிறார்கள். அப்படியானால் மூடியபடியே விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்பார். உள்ளே இருக்கும் நீர் சூடேறிவிடும் என்று இன்னொருவர் சொல்வார். பிஸ்டன் பம்பிலும் இப்படிச் செய்யலாமா என்ற அடுத்த கேள்வி, தவறான விடையால் என்ன விபத்து நேரும் என்பது வரை அவர்களைக் கொண்டுசெல்கிறது.

இந்த விவாதம் தமிழில்தான் நடக்கிறது. அதை நான் தடுப்பதில்லை, தடுக்கவும் கூடாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இலேயே கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிவிட்டது. ஆயினும் ஆங்கிலவழி வகுப்புகளில் மாணவர் வாய்திறந்து தமிழில் பேசினால் அபராதம் விதிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளை, தனக்குத் தெரிந்ததைச் சொல்வதற்கே மொழி கிடைக்காமல் நான்கு ஆண்டுகளும் கடைசி வரிசையில் மௌனமாக உட்கார்ந்துவிட்டுப் போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இத்தகைய கற்பித்தலால் பயன் உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வழக்கமான விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடாகவும், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது. 2019-இல் ஹார்வர்டில் நடந்த மற்றோர் ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. ஒரே பாடத்தை இரண்டு விதமாகவும் நடத்திப் பார்த்தபோது, தாமே முயன்று விடைகண்ட மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் நல்ல விரிவுரையைக் கேட்டவர்களே தாம் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். மூளையை வருத்திச் சிந்திக்கும்போது ஒன்றும் புரியவில்லை என்ற உணர்வு வருவது இயல்பு. ஆனால் நமது கல்லூரிகளில் ஒவ்வொரு பருவமும் மாணவர்களிடம் ஆசிரியரைப் பற்றிக் கருத்துப் படிவம் வாங்குகிறார்கள். அதில் வரும் மதிப்பெண்ணைக் கொண்டே ஊதிய உயர்வு முதல் பணி நீட்டிப்பு வரை பலவும் தீர்மானிக்கப்படுகின்றன. மாணவர்களைச் சிந்திக்க வைக்கும் இளம் ஆசிரியர், பாடம் நடத்தாமல் கேள்வி மட்டும் கேட்கிறார் என்று படிவத்தில் எழுதப்பட்டு, முதல்வர் அறைக்கு அழைக்கப்படுகிறார். அடுத்த பருவத்தில் அவரும் பவர்பாயிண்டுக்குத் திரும்பிவிடுகிறார். இப்படித் திரும்பியவர்கள் சிலரை நான் அறிவேன். அவர்கள் திறமையானவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது வினாத்தாள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி எழுத்துப் பாடத்துக்கு அகமதிப்பீட்டின் பங்கு 40 விழுக்காடு, பருவத் தேர்வின் பங்கு 60 விழுக்காடு. நூறு மதிப்பெண்ணுக்கு நடக்கும் அந்தத் தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, 13 மதிப்பெண் வினாக்கள் ஐந்து, 15 மதிப்பெண் வினா ஒன்று. அந்தக் கடைசி வினா, கற்றதைப் புதிய சூழலில் பயன்படுத்தும் திறனைச் சோதிப்பதற்கானது. நடைமுறையில் அதுவும் பழைய வினாத்தாள்களில் வந்த கணக்கை எண்களை மட்டும் மாற்றிக் கேட்பதாக முடிந்துவிடுகிறது. மையவிலக்கு பம்பின் இயங்கு வளைவுகளை வரைந்து விளக்குக என்று கேட்டால், என் மாணவர்களில் பெரும்பாலோர் முழு மதிப்பெண் வாங்குவார்கள். நீரின் அளவு குறையும்போது தேவைப்படும் திறனும் குறைவதைக் காட்டும் கோடு அந்த வரைபடத்திலேயே இருக்கிறது. அதை அளவுகோல் வைத்து அழகாக வரைந்த அதே கை, வால்வை மூடினால் ஆம்ப்ஸ் கூடும் என்று அட்டையைத் தூக்குகிறது. வரைந்தவருக்கு அது படம். பம்பைப் பற்றிய செய்தி அன்று. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் இரண்டு மதிப்பெண் வினா-விடைத் தொகுப்பைப் படித்தாலே தேர்ச்சி பெறலாம் என்ற நிலை இருக்கும்போது, வீட்டில் காணொலியைப் பார்த்துவிட்டு வகுப்பில் வாதிடுங்கள் என்று நான் சொன்னால் மாணவர் ஏன் கேட்க வேண்டும்? மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உழைப்பைச் செலுத்துவார்கள். அது அவர்கள் குற்றமன்று.

ஒவ்வொரு வினாவுக்கும் அது ஞாபகத்தைச் சோதிக்கிறதா, பகுப்பாய்வைச் சோதிக்கிறதா என்று காட்டும் குறியீட்டை இப்போது எழுதுகிறோம். பெஞ்சமின் புளூம் 1956-இல் வகுத்த படிநிலைகளிலிருந்து வந்தது அது, பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் விளக்குக என்பதை எடுத்துவிட்டுப் பகுப்பாய்க என்று போட்டுவிட்டு, எதிர்பார்க்கும் விடை மாறாமலே இருந்தால் அந்தக் குறியீட்டுக்குப் பொருளில்லை. பல்கலைக்கழகம் வினாத்தாளை மாற்றாமல் நாங்கள் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கொங்கு வட்டாரத்தில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் மிகுதி. தன்னாட்சி என்பதன் முதற்பயனே பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமைதான். அவ்வுரிமையைப் பெற்ற பின்னும் பல்கலைக்கழக வினாத்தாளின் அமைப்பையே நகலெடுத்து நடத்தினால், தேர்ச்சி விகிதம் குறைந்துவிடுமோ என்ற அச்சத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிவிட்டது. அகமதிப்பீட்டுக்காகக் கேட்கும் ஒப்படைப்புகளையும் சிறு திட்ட அறிக்கைகளையும் அது நொடியில் எழுதித் தந்துவிடுகிறது. இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் மென்பொருள்களை வாங்கி இதைத் தடுத்துவிடலாம் என்று நம்புவது வீண். மனிதர் எழுதியதையும் அவை பொய்யாகக் குற்றம் சாட்டுகின்றன. மாணவர் எழுதிக் கொடுத்ததைப் பற்றி அவரிடமே ஐந்து நிமிடம் பேசிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இந்த எண்ணை ஏன் எடுத்தாய், இந்த உலோகத்துக்குப் பதில் அது இருந்தால் என்ன ஆகும் என்று இரண்டு கேள்விகள் போதும். இயந்திரத்தின் துணையோடு எழுதியிருந்தாலும் புரிந்து எழுதியிருந்தால் விடை சொல்வார். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 60 பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு பாடத்துக்கு ஐந்து மணி நேரம் வேண்டும். அந்த ஐந்து மணி நேரம் ஆசிரியரிடம் இல்லை.

பொறியியல் கல்லூரிகளில் 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை 2018-இல் 20-க்கு ஒருவர் என்று, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ அமைப்பு தளர்த்தியது. உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேர நேரடிக் கற்பித்தல் என்பது மானியக் குழு வகுத்த அளவு. அதற்கு மேல் ஆசிரியரின் நேரத்தை விழுங்குவது ஆவண வேலை. பாடத்தின் நோக்கங்களையும் பட்டப்படிப்பின் நோக்கங்களையும் இணைக்கும் அட்டவணை, ஒவ்வொரு வினாவிலும் ஒவ்வொரு மாணவரும் பெற்ற மதிப்பெண்ணை எக்செல்லில் ஏற்றி விழுக்காடு கணக்கிடுதல், புதுமைக் கற்பித்தலுக்குச் சான்றாக இடம் குறித்த நிழற்படங்கள், பின்னர் ஆய்வுக் குழு வருவதற்கு முன் இவை அனைத்தையும் கோப்புகளாக்குதல் என்று வேலை நீள்கிறது. புதுமைக் கற்பித்தலை நிரூபிக்கச் செலவிடும் நேரத்தில் புதுமையாகக் கற்பித்துவிடலாம். நிர்வாகங்கள் உண்மையிலேயே தொழில்நுட்பத்தில் முதலீடு செய்ய விரும்பினால், இந்தக் கணக்கிடும் வேலை முழுவதையும் மென்பொருளுக்கு மாற்றி, அதனால் மிச்சமாகும் நேரத்தை வாய்மொழித் தேர்வுக்கென்று கால அட்டவணையிலேயே ஒதுக்கட்டும். இன்னொரு தொடுதிரைப் பலகையைவிட இது மாணவருக்கு அதிகப் பயன் தரும்.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் நிலை தனியே எழுதப்பட வேண்டியது. அங்கே பாடச்சுமையின் பெரும்பங்கைத் தொகுப்பூதியத்தில் பணியாற்றும் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கிறார்கள். அடுத்த ஆண்டு பணி உண்டா என்று அறியாதவரிடம் கற்பித்தலில் புதுமை செய்யுங்கள் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறதா என்பதை அரசு எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் வட்டாரத்துக்குப் புதுமைக் கற்பித்தல் புதிதன்று. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் சாண்ட்விச் பட்டப்படிப்பில், மாணவர்கள் படிப்பையும் தொழிற்சாலைப் பயிற்சியையும் மாற்றி மாற்றி மேற்கொண்டு ஐந்தாண்டில் பட்டம் பெறுகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவர்கள் இறுதியாண்டில் ஊரக வேளாண் பணி அனுபவத்துக்காகக் கிராமங்களில் தங்கி, உழவர்களோடு வயலில் இறங்குகிறார்கள். அவர்கள் மஞ்சள் காட்டில் விவசாயியிடம் கேள்வி கேட்டு, அவர் சொன்னதைப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டு, தவறு எங்கே என்று கண்டுபிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். இவற்றில் எதற்கும் தொடுதிரை தேவைப்படவில்லை. ஆனால் கைப்பேசி இப்போது இவற்றுக்குப் பெருந்துணையாக முடியும். கோவை வார்ப்படச் சாலை ஒன்றில் வார்ப்பில் காற்றுத்துளை விழுகிறது என்றால், அந்தத் துண்டைப் படமெடுத்து வகுப்புக்குக் கொண்டுவந்து, மணலின் ஈரமா, ஊற்றிய வெப்பநிலையா, வாயு வெளியேறும் வழியா என்று மாணவர்கள் விவாதிக்கலாம். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவுநீரும், சங்ககிரி லாரியின் பிரேக்கும், பவானி ஜமக்காளத் தறியும் வேதியியலுக்கும் இயந்திரவியலுக்கும் வணிகவியலுக்கும் பாடமாகும். இத்தனை தொழில்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, தொழிற்சாலைப் பார்வை என்ற பெயரில் பருவத்துக்கு ஒரு நாள் பேருந்தில் அழைத்துச் சென்று வாயிலில் குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம்.

தங்கள் நாளிதழ் சேர்க்கைக் காலத்தில் வெளியிடும் கல்வி வழிகாட்டிப் பக்கங்களைக் கொங்கு மாவட்டங்களில் பெற்றோர் பலர் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். அப்பக்கங்களில், கல்லூரியைப் பார்வையிடச் செல்லும் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தன்னாட்சிக் கல்லூரி என்றால் கடந்த பருவத்தின் வினாத்தாள்களைக் காட்டச் சொல்ல வேண்டும்; அதற்கு முந்தைய ஆண்டின் வினாத்தாளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை வகுப்புகள் எடுக்கிறார், ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை மாணவர்கள் என்று கேட்க வேண்டும். முடிந்தால், நடந்துகொண்டிருக்கும் ஒரு வகுப்பின் வாயிலில் ஐந்து நிமிடம் நின்று, பேசிக்கொண்டிருப்பவர் ஆசிரியர் மட்டும்தானா என்று கவனிக்க வேண்டும். பெற்றோர் இவற்றைக் கேட்கத் தொடங்கினால் அடுத்த ஆண்டின் விளம்பரத் தட்டிகளில் கல்லூரிகள் வேறு செய்திகளை எழுத வேண்டிவரும். வினாத்தாளை மாற்றிப் பார்த்த கல்லூரிகளின் ஆசிரியர்கள் தங்கள் அனுபவத்தை இதே பகுதிக்கு எழுத வேண்டும் என்றும் வேண்டுகிறேன். அதில் தேர்ச்சி விகிதம் குறைந்த கதை இருந்தாலும் அதை மறைக்காமல் எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு அது உதவும்.

இப்படிக்கு,
இயந்திரப் பொறியியல் ஆசிரியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.